ஆங்கிலப் பக்கம் பேசுகிறது, தமிழ்ப் பக்கம் பேசவில்லை: அரச இணையத்தளங்களும் பார்வையற்ற பிரஜைகளும்

ஹெவ்லொக் டவுனில் நாங்கள் வசிக்கும் ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு வந்தால் புதிய கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு காலத்தில் வெள்ளவத்தை நெசவாலை இருந்த காணியில் இன்று ஹெவ்லொக் சிட்டி உயர்ந்து நிற்கிறது. புதிய கட்டடங்கள் பலவற்றின் வாசலில் படிகளுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் இருக்கிறது. சிலவற்றில் லிஃப்டுக்குள் ஏறினால் எத்தனையாவது மாடி என்று ஒரு குரல் சொல்கிறது. எல்லா இடத்திலும் இல்லைதான். ஆனாலும் இருபது வருடங்களுக்கு முன்னர் இருந்த நிலைமை இதுவல்ல. இந்த மாற்றம் இரக்கத்தினால் மட்டும் வந்ததுமல்ல. இதற்குப் பின்னால் ஒரு சட்டமும், ஒரு மனிதரின் விடாப்பிடியான வழக்கும் இருக்கின்றன. அதைப் பின்னர் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, அஸருக்குப் பின் என்னுடைய பழைய மாணவர் ஒருவர் தன் உம்மாவுடன் வீட்டுக்கு வந்தார். நான் அவருக்குப் படிப்பித்த காலத்தில் முன்வரிசையில் இருந்தால் கரும்பலகை தெரியும். விழித்திரை நோயினால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரிகிறது. உயர்தரம் முடித்துவிட்டார். அரச நிறுவனமொன்றின் பயிற்சிநெறிக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவுத் திகதிக்கு இரண்டு நாட்கள்தான் இருந்தன.

"டீச்சர், நீங்களே நிரப்பிக் குடுங்களே. இவருக்குத் தானே செய்யணுமாம்" என்று உம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

மாணவர் தன்னுடைய மடிக்கணினியைத் திறந்தார். திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள் அதில் இருந்தது. திரைவாசிப்பான், ஸ்க்ரீன் ரீடர் என்று சொல்வார்கள். மௌஸைத் தொடாமல் விசைப்பலகையாலேயே அந்த நிறுவனத்தின் தளத்துக்குள் போனார். ஆங்கிலப் பக்கம் ஓரளவு வாசித்தது. தமிழுக்கு மாறியதும் குரல் நின்றுவிட்டது. தமிழில் இருந்தது ஒரேயொரு பி.டி.எஃப் கோப்பு. கடதாசியில் அச்சடித்து, கையொப்பமிட்டு, இறப்பர் முத்திரை குத்தி, அதைப் படமெடுத்து ஏற்றியிருந்தார்கள். கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு அது வெறும் படம்.

"பாத்தீங்களா டீச்சர்? இங்கிலீஷ் பக்கம் பேசுது. தமிழ் பக்கம் வாயே தொறக்குதில்ல" என்றார்.

பிறகு ஆங்கிலப் படிவத்துக்குப் போனோம். பெட்டிகள் இருந்தன, எந்தப் பெட்டியில் எதை எழுதுவது என்று குரல் சொல்லவில்லை. "எடிட், வெற்று. எடிட், வெற்று" என்றே ஒவ்வொரு பெட்டிக்கும் சொன்னது. கடைசியில், நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க வளைந்து நெளிந்த எழுத்துகளைக் கொண்ட ஒரு படம். அதைக் கேட்டு எழுத வேறு வழி தரப்படவில்லை. அந்த இடத்தில் அவர் மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார்.

நான் நிரப்பினேன். அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னார். போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொன்னார். குடும்ப வருமானம் எவ்வளவு என்ற கேள்வி வந்தபோது சற்று மௌனமாக இருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். வாப்பா இறந்த பிறகு அந்த வீட்டின் நிலைமை எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அந்தத் தொகை எனக்குத் தெரிய வேண்டிய ஒன்றல்ல. அவருடைய வகுப்பில் படித்த மற்றப் பிள்ளைகள் எவரும் அதைத் தங்கள் டீச்சரிடம் சொல்லவேண்டி வந்ததில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அன்றிரவு எனக்கு நிம்மதி இருக்கவில்லை. நான் செய்தது உதவிதான். அந்த உதவி தேவைப்படும்படி ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாகும். அதன் 23ஆம் பிரிவு இரண்டு விடயங்களைத் தடைசெய்கிறது. ஒன்று, வேலைக்கு ஆட்சேர்ப்பதிலும் கல்வி நிறுவனங்களில் அனுமதிப்பதிலும் இயலாமையைக் காரணமாகக் காட்டிப் பாரபட்சம் காட்டுவது. மற்றது, பொதுமக்கள் போகக்கூடிய ஒரு கட்டடத்தையோ இடத்தையோ ஒருவர் பயன்படுத்துவதற்கு அதே காரணத்தால் தடையோ நிபந்தனையோ விதிப்பது. மீறப்பட்டால் மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

இந்தச் சட்டத்தின் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. பொதுக் கட்டடங்களும் பொதுச் சேவைகள் வழங்கப்படும் இடங்களும் மூன்று ஆண்டுகளுக்குள் எல்லோரும் அணுகக்கூடியவையாக்கப்பட வேண்டும் என்று அவை கூறின. சாய்தளம், கைப்பிடி, கழிவறை, லிஃப்ட் என எல்லாவற்றுக்கும் அளவுகள் உண்டு. ஆனால் விதி எழுதப்பட்டதால் மட்டும் கதவுகள் திறக்கவில்லை. கலாநிதி அஜித் சீ. எஸ். பெரேரா என்பவரை வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவரது காரின் மேல் மரமொன்று விழுந்ததில் இடுப்புக்குக் கீழ் இயங்காமல் போனது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்கள் அந்த ஒழுங்குவிதிகளுக்கு அமைவாகவே கட்டப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2020இல் அவர் காலமானார். ஹெவ்லொக் வீதியில் நான் பார்க்கும் சாய்தளங்களுக்குப் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

இனி என் மாணவரின் விடயத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் சட்டம் "கட்டடம்" என்றும் "இடம்" என்றும் பேசுகிறது. அது எழுதப்பட்டபோது அரச அலுவலகம் என்றால் ஒரு வாசலும், ஒரு கருமபீடமும், அதற்குப் பின்னால் ஓர் எழுதுவினைஞரும்தான். இணையத்தளத்தை எவரும் நினைத்திருக்கவில்லை. இன்று பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக விண்ணப்பம், ஆட்சேர்ப்பு அறிவித்தல் எல்லாம் முதலில் போய்ச் சேர்வது இணையத்துக்குத்தான். 2025 பெப்ரவரியில் அரச நிறுவனங்களுக்கான கொடுப்பனவுகளை ஒன்லைனில் செலுத்தும் 'கவ்பே' சேவையும் ஆரம்பிக்கப்பட்டது. டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிப் பேசுகிறோம். அரச சேவையின் வாசல் இடம் மாறிவிட்டது. சாய்தளம் பற்றிய விதியோ இன்னும் பழைய வாசலிலேயே நிற்கிறது.

இணையத்தளங்கள் பற்றி எமது நாட்டில் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை கட்டடங்களோடு நிற்கவில்லை. இணையம் உள்ளிட்ட தகவல் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அரசியலமைப்பின் 14அ உறுப்புரை தகவலை அணுகும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியிருக்கிறது. அரச தளங்களை அமைப்பதற்கான வழிகாட்டல்களை ஐ.சி.டி.ஏ. நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் சாசனம் என்பது அரசு உலகத்துக்குக் கொடுத்த வாக்குறுதி. வழிகாட்டல் என்பது ஆலோசனை. ஒரு நிறுவனத்தின் தமிழ்ப் பக்கம் வாசிக்கப்படாவிட்டால் இன்ன திகதிக்குள் திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் இன்னது நடக்கும் என்று சொல்லும், கட்டடங்களுக்கு இருப்பதைப் போன்ற ஒழுங்குவிதிதான் தேவை.

மற்ற நாடுகளின் அனுபவம்

புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்ற அவுஸ்திரேலியர் 1999இல் சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் இணையத்தளத்துக்கு எதிராக முறைப்பாடு செய்தார். படங்களுக்கு எழுத்து விளக்கம் இல்லை, போட்டி முடிவுகளின் அட்டவணைகளை வாசிக்க முடியவில்லை என்பதுதான் முறைப்பாடு. அவர் நம்பியிருந்தது 1992ஆம் ஆண்டின் பாரபட்சத் தடைச் சட்டத்தை. அதிலும் இணையத்தளம் என்ற சொல் இல்லை. பெருஞ்செலவாகும் என்று ஏற்பாட்டாளர்கள் வாதாடினார்கள். 2000 ஆகஸ்டில் மனித உரிமைகள் ஆணைக்குழு அவருக்குச் சார்பாகத் தீர்மானித்தது. உரிய முறையில் திருத்தப்படாததால் பின்னர் 20,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடும் வழங்கப்பட்டது. பழைய சட்டத்தின் வார்த்தைக்குள் புதிய வாசலும் அடங்கும் என்று அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பக்கத்து நாடான இந்தியாவின் அனுபவம் எமக்கு இன்னும் நெருக்கமானது. ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடுள்ளவர் 2005இல் தொடங்கிய வழக்கில் 2024 நவம்பர் 8ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே 2016ஆம் ஆண்டின் சட்டம் அணுகும் வசதியைக் கட்டாயமாக்குகிறது. அதன் கீழ் வந்த விதியோ பல துறைகளுக்கான வழிகாட்டல்களை அடுக்கிவிட்டு, பின்பற்றுவதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டதுபோல் இருந்தது. சட்டம் கட்டாயம் என்று சொல்லும்போது விதி ஆலோசனையாக இருக்க முடியாது என்று கூறி நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்று அறிவித்தது. எவரும் விலகமுடியாத அடிப்படைத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி அரசைப் பணித்தது. 2025 ஏப்ரல் 30ஆம் திகதி அதே நீதிமன்றம் இன்னொரு படி மேலே சென்றது. வங்கிக் கணக்குத் திறப்பதற்குக் கமராவின் முன் கண்சிமிட்டிக் காட்டச் சொல்லும் முறை, அமிலத் தாக்குதலில் முகம் சிதைந்தவர்களையும் பார்வையற்றவர்களையும் வெளியே தள்ளுகிறது என்ற வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2016ஆம் ஆண்டின் பணிப்புரையின் மூலம் பொதுத்துறை இணையத்தளங்களுக்குத் திகதி குறித்தது. புதிய தளங்கள் 2019 செப்டெம்பருக்குள்ளும் பழையவை 2020 செப்டெம்பருக்குள்ளும் திருத்தப்பட வேண்டும் என்றது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் எது வாசிக்க முடியும், எது முடியாது, யாரிடம் முறையிடலாம் என்று ஓர் அறிக்கை வெளியிட வேண்டும் என்பதும் அதில் அடக்கம். குறை இருந்தால் ஒப்புக்கொண்டு எழுது என்கிறது அந்த விதி. எமக்கும் மிகப் பொருத்தமான யோசனை அது.

தமிழுக்கு மட்டும் இருக்கும் ஒரு பூட்டு

இது பார்வையற்றவர்களின் பிரச்சினை மட்டுமல்ல, மொழிப் பிரச்சினையும்கூட. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரச கரும மொழி. தளத்தின் மேல் மூலையில் "தமிழ்" என்று ஒரு பொத்தான் இருந்தால் அந்தக் கடமை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை அழுத்தினால் என்ன வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் பார்த்த வரையில் இரண்டு விதமான பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று மேலே சொன்ன ஸ்கேன் செய்த படம். மற்றது 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்கள். எங்கள் பாடசாலைகளில் வினாத்தாள் தட்டச்சுச் செய்பவர்களுக்கு பாமினி நன்கு தெரியும். அதில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே. 'அம்மா' என்று நாம் காணும் சொல் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பதிவாகியிருக்கும். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். ஒரு முழுச் சுற்றறிக்கையையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்! யூனிகோட் முறையில் தட்டச்சுச் செய்தால் இந்தப் பிரச்சினை இல்லை. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. பழக்கம்தான் மாறவில்லை.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோவொரு வகை இயலாமையுடன் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேருக்குப் பார்வையில் சிரமம் இருந்தது. எல்லோரும் முற்றாகப் பார்வை இழந்தவர்கள் அல்லர். கண்ணில் வெள்ளை படர்ந்த எங்கள் உம்மாமாரும் வாப்பாமாரும் அந்தக் கணக்குக்குள் வருவார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் அவர்களால் வாசிக்க முடியும். ஸ்கேன் செய்த படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து மங்கும், வரி திரைக்கு வெளியே ஓடும். தேடிப் பார்க்கவும் முடியாது, பிரதி எடுக்கவும் முடியாது. சாய்தளத்தில் சக்கர நாற்காலி மட்டுமா ஏறுகிறது? குழந்தை வண்டி தள்ளும் தாயும், முழங்கால் வலிக்கும் முதியவரும் அதில்தான் ஏறுகிறார்கள்.

செலவு பற்றிய வாதம்

நெருக்கடியிலிருந்து மீளும் நாட்டுக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்று சிலர் சொல்லலாம். ஒரு பாடசாலை ஆசிரியையாக, பணம் இல்லாமல் வேலை நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். என் மாணவரைத் தடுத்த நான்கு விடயங்களையும் எண்ணிப் பார்க்கிறேன். கடிதத்தைத் தட்டச்சுச் செய்த கோப்பையே நேரடியாக பி.டி.எஃப் ஆக்கி ஏற்றுவது. தமிழை யூனிகோடில் அடிப்பது. படிவத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் கணினிக்குப் புரியும் பெயர் வைப்பது. படத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் இடத்தில் கேட்டு எழுதவும் ஒரு வழி வைப்பது. இவற்றுள் எதற்குக் கேள்விப்பத்திரம் கோர வேண்டும்? சோதித்துப் பார்ப்பதற்கும் செலவில்லை. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம். அது 2006இல் பார்வையற்ற ஓர் அவுஸ்திரேலிய இளைஞர் தொடங்கிய முயற்சி. அதை இறக்கி, திரையை அணைத்துவிட்டு, தன்னுடைய நிறுவனத்தின் தமிழ்ப் படிவத்தை ஒரு அதிகாரி நிரப்பிப் பார்க்கட்டும். அரை மணித்தியாலம் போதும்.

பணம் செலவாவது, கட்டி முடித்த பிறகு உடைத்துத் திருத்தும்போதுதான். கட்டடங்களில் நாம் அதைப் பார்த்தோம். டிஜிட்டல் சேவைகள் இப்போதுதான் கட்டப்படுகின்றன. அத்திவாரம் போடும்போதே சாய்தளத்துக்கு இடம் விட வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஐ.நா. சாசனத்துக்கு ஏற்ப முழுமையான புதிய சட்டம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. பல அரசாங்கங்களின் காலத்திலும் வரைவுகள் பேசப்பட்டன. அது வரட்டும். ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கட்டடங்களுக்கு 2006இல் எந்தச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதி வந்ததோ, அதே 1996ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அரச இணையத்தளங்களுக்கும் ஓர் ஒழுங்குவிதி கொண்டுவரலாம். 'இடம்' என்ற சொல்லுக்குள் இணையத்தளமும் அடங்கும் என்று தெளிவாக எழுதலாம். தரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. உலகம் முழுவதும் பயன்படும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற தரம் 1999 முதல் இருக்கிறது; 2023இல் அதன் 2.2 பதிப்பு வந்தது. அதில் எந்தப் படி, எந்தத் திகதிக்குள், மூன்று மொழிகளிலும் என்று மூன்று விடயங்களை எழுதினால் போதும். பாராளுமன்றத்திலுள்ள எமது பிரதிநிதிகள் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது எழுப்புவார்களா?

எம்மாலும் ஒன்று செய்ய முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த அரச நிறுவனத்திடமும், "உங்கள் தமிழ்ப் பக்கம் பார்வையற்றோர் பயன்படுத்தத்தக்கதா என்று கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? அந்த அறிக்கையின் பிரதி தாருங்கள்" என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. தமிழ்ப் பக்கம் பெயருக்கு மட்டும் இருந்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிலும், பாரபட்சம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம்.

அரசைக் கேட்கும் முன் எம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜனாஸா அறிவித்தல், பிறை பார்த்த அறிவித்தல், புலமைப்பரிசில் விண்ணப்பம், பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவு என எல்லாவற்றையும் அழகான படமாகச் செய்து வட்ஸ்அப்பில் போடுகிறோம். எமது செய்தித்தளங்களும் அந்தப் படத்தை அப்படியே பதிவேற்றுகின்றன. பெருநாள் நாளையா, மறுநாளா என்று என் மாணவர் இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. படத்துக்குக் கீழே நான்கு வரி எழுத்தாகவும் இட்டால் அவருடைய போன் அதை வாசித்துவிடும். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னவர். அவருடைய விடயத்தில் ஸூரா அபஸ இறங்கியதை மக்தபில் ஓதும் பிள்ளைகளும் அறிவார்கள். எமக்கு இது புதிய பாடமல்ல.

ஆசிரியர் கலாசாலையில் படித்த நாட்களில் விசேட தேவையுள்ள பிள்ளைகளை எப்படி அணுகுவது என்று எமக்குச் சொல்லித்தந்தார்கள். பிள்ளையால் முடிந்ததை நீங்கள் செய்துகொடுக்காதீர்கள், முடியும்படி வழியைச் சரிசெய்யுங்கள் என்பதே அதன் சாரம். அன்று என் வீட்டில் நான் செய்துகொடுத்தேன். வேறு வழி இருக்கவில்லை.

என் மாணவருக்கு நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு வந்திருக்கிறது. கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் ஸ்கேன் செய்த படம்தான். திகதியையும் நேரத்தையும் நான்தான் போனில் வாசித்துச் சொன்னேன்.